எந்த விளையாட்டின் கிண்ணம் எடுக்கிறது ஆகக் கஷ்டம்?

முறிகண்டிக் கச்சான்:
மென்பந்துக் கிரிக்கெட் தொடருக்கு வரைபு போடுற ஒவ்வொரு முறையும் வாற சண்டைதான் இது. 16 கழகம், விலகல் முறை, 5 ஓவர். நாலு ஆட்டம் வெண்டால் கிண்ணம். ஒவ்வொரு வருசமும் வேற வேற கழகம் தூக்கிக்கொண்டு போகுது. ஒரு பகுதி “எவ்வளவு கடினமான தொடர் பாத்தியோ, ஒருத்தராலயும் ரெண்டாந்தரம் எடுக்க ஏலாது” எண்டுது. மற்றப் பகுதி “நாணயம் சுண்டின மாதிரிக் கிடக்கு, இதில என்ன கடினம்” எண்டுது.

இதை அப்பிடியே பெரிய இடத்துக்குக் கொண்டு போவம். காசுக்கு விளையாடுற விளையாட்டுகளில எந்தக் கிண்ணம் எடுக்கிறது ஆகக் கஷ்டம்? காரணத்தோட எழுதுங்கோ. “எனக்குப் பிடிச்ச விளையாட்டு, அதால அதுதான்” எண்டு வாறவைக்குக் கச்சான் கோதுதான்.

முல்லை ரொறன்ரோ:
ஐஸ் ஹொக்கி. ஸ்ரான்லி கிண்ணம். வேற பேச்சில்லை.

அங்க பாக்கிற ஆக்கள் குறைவு எண்டு தெரியும். இங்க இரவு 7 மணி ஆட்டம் உங்களுக்கு விடிய நாலரை. அதால முதலில ஒழுங்கைச் சொல்லுறன். 32 அணி. ஒவ்வொண்டும் 82 ஆட்டம் விளையாடி, அதில 16 அணி பிளேஓஃப் சுற்றுக்கு வரும். அங்க நாலு சுற்று. ஒவ்வொரு சுற்றும் 7 ஆட்டத் தொடர், 4 வெண்டால் அடுத்தது. மொத்தம் 16 வெற்றி வேணும், அதுக்கு 28 ஆட்டம் வரைக்கும் போகலாம். சித்திரை நடுவில தொடங்கி ஆனி மட்டும், பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள்.

சமநிலை வந்தால் பெனால்ரி இல்லை. 20 நிமிசம் 20 நிமிசமா மேலதிக நேரம், ஆராவது ஒருத்தர் கோல் போடுமட்டும். 1936 இல டெட்ரோயிற்றும் மொன்றியல் மரூன்ஸும் 6 மேலதிக நேரம் விளையாடிச்சினம்: 116 நிமிசம் 30 செக்கன், ஒரே ஒரு கோல். பழைய கதை எண்டு நினைக்காதேங்கோ, 2020 இல ராம்பாவும் கொலம்பசும் 5 மேலதிக நேரம் போச்சினம். கொலம்பஸ் கோல்காப்பாளர் கோர்பிசாலோ 85 தரம் கோலைத் தடுத்தார். தடுத்தும் தோத்தார்.

அடுத்தது உடம்பு. ஹொக்கியில பந்துக்குப் பதிலா அடிக்கிற ரப்பர் வட்டு 160 கிராமுக்குக் கிட்ட, உறைய வைச்சுத்தான் ஆட்டத்துக்கு எடுக்கிறது. மணிக்கு 150 கிலோமீற்றரில வாற அதுக்குக் குறுக்க ஆக்கள் படுத்துத் தடுக்கிறவை. காயத்தை “மேல் உடம்பு”, “கீழ் உடம்பு” எண்டு மட்டும்தான் அறிவிப்பினம், சரியா எங்கயெண்டு சொன்னால் எதிரணி அங்கயே இடிக்கும். 2013 இறுதித் தொடரில பொஸ்ரனின் பெர்ஜெரோன் விலா எலும்பு முறிவு, தோள் மூட்டு விலகல், நுரையீரலில துளை, இவ்வளவோடயும் விளையாடினது தொடர் முடிஞ்ச பிறகுதான் வெளியில வந்தது.

கொக்கிளாய்க் காத்து:
பல்லில்லாத ஆக்கள் விளையாடுற விளையாட்டு எண்டு சொல்லியிருந்தால் முதல் வரியிலயே விளங்கியிருக்கும்.

இரணைமடு வான்கதவு:
ரொறன்ரோ அண்ணை சொன்னதில் இரண்டு விசயம் கலந்து கிடக்கிறது. உடம்பு நோகிறது ஒன்று. நல்ல அணி தோற்கிறது இன்னொன்று. இரண்டும் ஒன்றில்லை. இரண்டாவதைக் கணக்காகப் பார்ப்போம்.

ஓர் அணிக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் வெல்லும் வாய்ப்பு 55 வீதம் என்று வையுங்கள். 7 ஆட்டத் தொடரை அது வெல்லும் வாய்ப்பு 61 வீதம்தான். நாலு சுற்றையும் தாண்டும் வாய்ப்பு 14 வீதம். ஆட்டத்துக்கு 60 வீதமாக இருந்தால் தொடர் 71, கிண்ணம் 25. ஆட்டத்துக்கு 70 வீதமாக இருந்தால் தொடர் 87, கிண்ணம் 58. ஆகவே கேள்வி ஒன்றுதான்: அந்த விளையாட்டில் ஆகத் திறமான அணிக்கு ஒரு தனி ஆட்டத்தில் எத்தனை வீதம் கிடைக்கும்? அதைத் தீர்மானிப்பது விளையாட்டின் உள்ளமைப்பு.

அமெரிக்கக் கூடைப்பந்தில் ஒரு ஆட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் கிட்டத்தட்ட 100 தரம் பந்து கிடைக்கும். 100 முயற்சியில் அதிர்ஷ்டம் ஆளையாள் சமன்செய்துவிடும். அதோடு பிளேஓஃபில் முன்னணி வீரர் 48 நிமிடத்தில் 40 நிமிடம் நிற்பார். களத்தில் ஐந்தே பேர். ஒருவர் உலகத் திறமென்றால் அந்த ஆட்டத்தையே இழுத்துக்கொண்டு போவார். ஹொக்கியில் முன்னணித் தாக்குதல் வீரரே 60 நிமிடத்தில் 20, 22 நிமிடம்தான் பனியில் நிற்பார், மூச்சுப் பிடிக்காது. மொத்தமாக ஒரு பக்கம் 30 தரம் கோலுக்கு அடிக்கும், 3 கோல் விழும். அந்த 3 கோலில் ஒன்று யாரோ ஒருவரின் சப்பாத்தில் பட்டுத் திரும்பிப் போனது. மற்றப் பக்கத்துக் கோல்காப்பாளர் இரண்டு கிழமைக்குக் கண் தெளிந்து நின்றால் முடிந்தது கதை.

விளைவைப் பாருங்கள். 2019 இல் ராம்பா 62 ஆட்டம் வென்று முதலிடத்தில் வந்து, முதல் சுற்றிலேயே கொலம்பசிடம் 4க்கு 0. 2023 இல் பொஸ்ரன் 65 வெற்றி, 135 புள்ளி, இரண்டுமே சாதனை. முதல் சுற்றில் 3க்கு 1 என்று முன்னுக்கு நின்று, கடைசியாக உள்ளே நுழைந்த புளோரிடாவிடம் ஏழாவது ஆட்டத்தில், அதுவும் மேலதிக நேரத்தில், தோல்வி. 2012 இல் தன் பிரிவில் எட்டாம் இடத்தில் வந்த லொஸ் ஏஞ்சலஸ் கிண்ணத்தையே தூக்கியது. கூடைப்பந்தில் ஆகக் கீழே இருந்து வந்து கிண்ணம் எடுத்தது 1995 இல் ஹூஸ்ரன், அதுவும் ஆறாம் இடம்.

இது கஷ்டமா, சீட்டிழுப்பா என்பதுதான் கச்சான் அண்ணையின் முதல் கேள்வி. நான் பாதி சீட்டிழுப்பு என்பேன்.

முல்லை ரொறன்ரோ:
சீட்டிழுப்பு எண்டால் புளோரிடா 2023, 2024, 2025 மூண்டு வருசமும் இறுதிக்கு வந்து, பின் ரெண்டையும் வெண்டது எப்பிடி? ராம்பா 2020, 2021 ரெண்டும் எடுத்தது எப்பிடி? அதிர்ஷ்டம் இப்பிடி ஒரே வீட்டுக் கதவைத் தட்டாது. நல்லாக் கட்டின அணி அங்கயும் தெரியும்.

வான்கதவு இன்னொண்டையும் விட்டிட்டார். ஹொக்கியில சம்பள உச்சவரம்பு இறுக்கமானது. காசுள்ள கழகம் எல்லாரையும் வாங்கி அடுக்க ஏலாது. கிண்ணம் எடுத்தால் அடுத்த வருசம் பெடியள் எல்லாரும் கூடக் கேப்பினம், பாதிப் பேர் போயிடுவினம்.

இரணைமடு வான்கதவு:
@முல்லை ரொறன்ரோ, அந்த உச்சவரம்பில் ஓட்டையும் இருந்தது. 2021 இல் ராம்பாவின் குச்செரோவ் வழமைப் பருவம் முழுவதும் காயப் பட்டியலில் இருந்தார். அப்போது காயப் பட்டியலில் இருந்தவரின் சம்பளத்தளவுக்கு வரம்பைத் தாண்டலாம், பிளேஓஃபில் வரம்பே கணக்கில்லாமல் இருந்தது. பிளேஓஃப் முதல் நாள் அவர் வந்து நின்றார். அந்தச் சுற்றுகளில் ஆகக் கூடிய புள்ளி (போட்ட கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்த்து), 32, அவருடையதுதான். விதியை மீறவில்லை. ஆனால் “இறுக்கம்” என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேணும்.

இரண்டு வருசம் தொடர்ந்து எடுத்த கதை சரி. அதால்தான் “பாதி” என்றேன்.

மாங்குளச் சந்தி:
எல்லாரும் கனடாவுக்குப் போட்டியள். உதைபந்தாட்டத்தை ஆரும் கதைக்கேல்லை.

என்ர வாதம் நேர்மாறு. கிண்ணத்தை விட லீக் கஷ்டம். கிண்ணத்தில ஒரு கெட்ட நாளைப் பெனால்ரியால தாண்டலாம். லீக்கில 38 கிழமையும் கணக்கு. 2018-19 இல லிவர்பூல் 38 ஆட்டத்தில 30 வெண்டு, 7 சமன், ஒண்டே ஒண்டு தோல்வி. 97 புள்ளி. கிண்ணம் இல்லை, மன்செஸ்ரர் சிற்றி 98. சிற்றி கடைசி 14 ஆட்டத்தையும் தொடர்ந்து வெண்டது. லிவர்பூலின் அந்த ஒரே தோல்வியும் சிற்றியிட்டத்தான். அந்த ஆட்டத்தில கோல்கோட்டில இருந்து பந்தை வெளியில எடுக்கேக்க முழுசாக் கோட்டைத் தாண்ட ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் மிச்சம். ஒரு வருசத்து உழைப்பு ஒரு சென்ரிமீற்றரில போச்சு. இதைச் சீட்டிழுப்பு எண்டு சொல்லுவியளோ?

மற்றப் பக்கம் லெஸ்ரர் 2015-16. பந்தயக்காரர் 5,000க்கு ஒண்டு குடுத்தவை. 81 புள்ளியோட கிண்ணம். ஒரு கழகம் 38 கிழமை முழுக்க அதிர்ஷ்டத்தில ஓடேலாது. 23 வெற்றி, 12 சமன், 3 தோல்வி.

பாலைப்பழம்:
சந்தி அண்ணை, லீக் கஷ்டம் எண்டால் பயர்ன் முனிச் 2013 இல இருந்து 2023 மட்டும் 11 தரம் தொடர்ந்து ஜேர்மன் லீக் எடுத்தது என்ன கணக்கு? லெவர்குசன் 2024 இல 28 வெற்றி 6 சமன், ஒண்டும் தோக்காமல் விளையாடித்தான் அதை உடைச்சது. பயர்னுக்கு அது லேசு. மற்ற 17 கழகத்துக்கும் கிட்டத்தட்ட ஏலாத காரியம். ஒரே கிண்ணம், ஒரே வருசம். அப்ப “கஷ்டமோ” எண்டு கேக்க முதல் “ஆருக்கு” எண்டு கேக்க வேணும்.

மாங்குளச் சந்தி:
நல்ல கேள்வி. சரி, நடுவில நிக்கிற ஒரு கழகத்துக்கு எண்டு வைப்பம். அப்ப லீக்தான் ஆகக் கஷ்டம், ஹொக்கிதான் ஆக லேசு. 32 அணியில ஆருக்கும் அஞ்சாறு வருசத்தில ஒரு வாசல் திறக்கும்.

கொக்கிளாய்க் காத்து:
ஆருக்கும் திறக்கும். ரொறன்ரோ லீவ்ஸுக்கு மட்டும் 1967 இல இருந்து பூட்டு.

முல்லை ரொறன்ரோ:
அதைச் சொல்லாமல் விட்டால் உமக்குச் சாப்பாடு இறங்காது.

வவுனிக்குளத்தான்:
கிரிக்கெட் இல்லாமல் இந்தக் கதை முடியாது, ஆனால் உலகக் கிண்ணத்தை நான் கொண்டு வரேல்லை. 2007 இல இருந்து 2014 மட்டும் இலங்கை அஞ்சு உலக இறுதி விளையாடினது. 2007, 2009, 2011, 2012 நாலும் தோல்வி, 2014 டாக்காவில மட்டும் வெற்றி. இந்தியா 2023 இல 10 ஆட்டம் தொடர்ந்து வெண்டு அகமதாபாத்தில 11வதைத் தோத்தது. அண்டைக்கு நாணயச் சுழற்சி வெண்ட ஆஸ்திரேலியா முதலில பந்து போட்டது. பின்னேரம் காய்ஞ்சு மெதுவாக் கிடந்த ஆடுகளத்தில இந்தியா பவுண்டரி அடிக்க ஏலாமல் நிண்டது. இரவில பனி இறங்கப் பந்து துடுப்புக்கு வழுக்கி வந்தது. ஹெட் 137. பிழை ஆரில? அரைவாசி வானத்தில.

நான் சொல்லுறது ரெஸ்ற் சம்பியன்சிப். 9 நாடு, ரெண்டு வருசம். ஒவ்வொண்டும் 6 தொடர், சொந்த நாட்டில 3, வெளியில 3. வெற்றிக்கு 12 புள்ளி, சமனுக்கு 6, முடிவில்லாட்டி 4. மொத்தப் புள்ளி இல்லை, விளையாடினதில எத்தனை வீதம் எடுத்தியள் எண்டதுதான் கணக்கு. சென்னையில சுழலும், பேர்த்தில துள்ளும், இங்கிலாந்தில வளையும். ஒரே ஆக்கள் எல்லாத்துக்கும் பொருந்த வேணும்.

சின்னப் பிழை என்ன செய்யும் எண்டு பாருங்கோ. 2020 மார்கழி மெல்பேர்னில ஆஸ்திரேலியா ஓவரை மெதுவாப் போட்டதுக்கு 4 புள்ளி வெட்டிச்சினம். சுற்று முடியேக்க நியூசிலாந்து 70 வீதம், ஆஸ்திரேலியா 69.2. இறுதிக்குப் போனது நியூசிலாந்து, கிண்ணத்தையும் எடுத்தது. இப்ப ஆருக்குக் கோவம் வரும் சொல்லுங்கோ? பந்து போடுறவர் திரும்பி நடந்து போற வேகத்துக்கு!

இரணைமடு வான்கதவு:
வவுனிக்குளத்தார் அழகாகச் சொன்னார், ஆனால் அதே தொடரில் ஒரு கோணல் இருக்கிறது. எல்லாரும் எல்லாருடனும் விளையாடுவதில்லை. 6 தொடர் என்றால் இரண்டு நாட்டை ஒவ்வொருவரும் சந்திக்கவே மாட்டார்கள். 2025 இல் வென்ற தென்னாபிரிக்கா அந்தச் சுற்றில் இறுதிக்கு முதல் இங்கிலாந்துடனும் ஆஸ்திரேலியாவுடனும் ஒரு ரெஸ்ற் கூட விளையாடவில்லை. 2024 தொடக்கத்தில் நியூசிலாந்துக்கு இரண்டாந்தர அணியை அனுப்பினார்கள், ஏனென்றால் நல்ல ஆக்கள் உள்நாட்டு இருபது ஓவர் லீக்கில் நின்றார்கள். இரண்டு ரெஸ்ற்றும் தோல்வி. அதோடும் இறுதிக்கு வந்தார்கள்.

வவுனிக்குளத்தான்:
வந்து என்ன செய்தவை? லோர்ட்ஸில 282 துரத்தி ஆஸ்திரேலியாவை 5 விக்கெட்டால வெண்டவை. மார்க்ரம் 136. பவுமா தொடைத்தசை பிடிச்சு நொண்டி நொண்டி 66. போற வழி லேசா இருந்தாலும் கடைசிப் படி லேசில்லை.

தென்னாபிரிக்கா எண்ட உடன ரக்பியும் ஞாபகம் வருது. 2023 உலகக் கிண்ணத்தில காலிறுதி பிரான்சோட 29-28, அரையிறுதி இங்கிலாந்தோட 16-15, இறுதி நியூசிலாந்தோட 12-11. மூண்டும் ஒரு புள்ளி. குழுச் சுற்றில அயர்லாந்திட்டத் தோத்தும் இருந்தவை.

கொக்கிளாய்க் காத்து:
அப்ப ஆக லேசான கிண்ணம் எது எண்டு நான் சொல்லுறன். லங்கா பிரீமியர் லீக். 2020 இல இருந்து 2024 மட்டும் 5 தொடர், 4 தரம் யாழ்ப்பாணம். மொத்தமே 5 அணி.

முறிகண்டிக் கச்சான்:
காத்து, உதை யாழ்ப்பாணத்தார் வாசிச்சால் ஏ9 றோட்டில மறிப்பினம்.

குத்துச்சண்டையை ஒருத்தரும் தொடேல்லை எண்டு பாத்தன். அங்க கஷ்டம் வேற மாதிரி. நாலு சங்கம், நாலு பட்டி. நாலையும் ஒரே நேரம் வைச்சிருந்தால்தான் மறுப்பில்லாத சம்பியன். அதிபார எடையில 1999 இல (அப்ப மூண்டு பட்டிதான் கணக்கு) லெனொக்ஸ் லூயிசுக்குப் பிறகு 2024 வைகாசியில உசிக் ஃபியூரியை வெல்லுமட்டும் ஒருத்தருமில்லை. வெண்டு ஒரு மாதம் கடக்கேக்கயே ஒரு பட்டியைக் கழட்டிக் குடுக்க வேண்டி வந்தது. அந்தச் சங்கம் தான் சொன்ன ஆளோட கட்டாயம் மோதச் சொன்னது, அவர் ஃபியூரியோட மறுமோதலுக்கு ஒப்பந்தத்தில நிண்டார். திரும்ப நாலும் சேர 2025 ஆடி ஆச்சு. வளையத்துக்குள்ள அடிபடுறதை விட வளையத்துக்கு வெளியில கையெழுத்து வாங்கிறதுதான் பாடு. இதைக் கஷ்டம் எண்டு கணக்கெடுக்கலாமோ எண்டது எனக்கே விளங்கேல்லை.

பாலைப்பழம்:
எடுக்கேலாது. அது கந்தோர்க் கஷ்டம்.

உடம்பு எண்ட உடன ரொறன்ரோ அண்ணை ஹொக்கியோட நிக்கிறார். ரூர் டி பிரான்ஸ் சைக்கிள் ஓட்டத்தைக் கொஞ்சம் பாருங்கோ. 21 நாள் ஓட்டம், நடுவில 2 நாள் ஓய்வு, 3,000 கிலோமீற்றருக்கு மேல. நேரம் எல்லாம் கூட்டித்தான் முடிவு, அதால ஒரு நாள் பிழைச்சால் அழிக்கேலாது. ஹொக்கியில 7-0 தோத்தாலும் அது ஒரு தோல்விதான். இங்க 3 நிமிசம் விட்டால் அந்த 3 நிமிசம் பாரிஸ் மட்டும் முதுகில வரும்.

என்ன பிழைக்கும்? முதலாவது, சாப்பாடு. மலை நாளில மணிக்கு 90 தொடக்கம் 120 கிராம் மாச்சத்து உள்ள போக வேணும், அதுவும் மூச்சு வாங்க வாங்க. வயிறு அவ்வளவை ஏற்கிறதுக்கே மாதக்கணக்காப் பழக்க வேணும். ஒரு மணித்தியாலம் விட்டால் அடுத்த ஏற்றத்தில கால் கல்லாப் போகும். பிறகு தின்டும் பிரயோசனமில்லை. ரெண்டாவது, பக்கக் காத்து. காத்துப் பக்கவாட்டில அடிச்சால் ஆளுக்குப் பின்னால நேர ஒளிக்கேலாது, ரோட்டுக்குக் குறுக்க சரிஞ்சு விசிறி மாதிரி நிக்க வேணும். ரோட்டு அகலத்துக்கு 15, 20 பேருக்குத்தான் இடம். இருபத்தோராவது ஆள் தனியாக் காத்தை வெட்டுவார், கொஞ்சத்தில அறுந்து போவார். கொக்கிளாய் வெளியில காத்துக்கு எதிரா சைக்கிள் உழக்கினவைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மூண்டாவது, துணை. 8 பேர் அணி, 7 பேர் ஒருத்தருக்காகச் சாகிறவை. 2022 இல போகாச்சர் தனிய மாட்டுப்பட்டார். எதிரணி கலிபியே ஏற்றத்தில ரெண்டு பேரா மாறி மாறி வெட்டி ஓட, ஒவ்வொண்டுக்கும் அவரே எழும்பி ஓடிப் பிடிச்சார். அடுத்த மலை கிரானோனில வெடிச்சுப்போனார். கிட்டத்தட்ட 3 நிமிசம் அண்டைக்கே போச்சு. வருசத்துக் கிண்ணமும் அதோட போச்சு.

ஆகக் கிட்டின முடிவு 1989. கடைசி நாள் தனி ஓட்டம், 24.5 கிலோமீற்றர். லெமோண்ட் 50 செக்கன் பின்னால நிண்டு தொடங்கி 8 செக்கனால வெண்டார். அவர் கைப்பிடியில நீட்டுத் தடி பூட்டி முழங்கையை ஒடுக்கிக்கொண்டு ஓடினார். ஃபின்யோன் பூட்டேல்லை, தலைக்கவசமும் இல்லை, பின்குடுமி காத்தில. அதோட இருக்கையில இருக்கேலாத புண். மூண்டு கிழமை ஓடி, 8 செக்கன்.

இரணைமடு வான்கதவு:
பாலைப்பழம் அக்கா, விபரம் அருமை. ஆனால் 2020 இலிருந்து 2025 வரை ஆறு வருசத்தில் வென்றது இரண்டே பேர்: போகாச்சர் நாலு, விங்கெகோர் இரண்டு. உடம்புக்கு ஆகக் கஷ்டமான இடத்தில்தான் முடிவு ஆக முன்கூட்டித் தெரிகிறது. காரணம் அதே கணக்கு. 21 நாள் என்பது பெரிய அளவு, அதிர்ஷ்டம் கரைந்துவிடும். மிஞ்சுவது திறமை.

ரெனிசும் அப்படித்தான். ஒரு புள்ளியில் ஒருவருக்கு வெல்லும் வாய்ப்பு வெறும் 55 வீதம் என்று வையுங்கள். ஒரு கேமில் அது 62 ஆகும், செற்றில் 80ஐத் தாண்டும், ஐந்து செற் ஆட்டத்தில் 95. சின்ன வித்தியாசத்தை அந்தக் கட்டமைப்பு பூதக்கண்ணாடி போலப் பெருப்பிக்கும். அதால்தான் பெடரர் 20, நடால் 22, ஜோகோவிச் 24, மூன்று பேரிடம் 66 கிராண்ட்ஸ்லாம். பெண்களுக்கு மூன்று செற்தான். அங்கே 2021 அமெரிக்க ஓப்பினில் தகுதிச் சுற்றிலிருந்து வந்த ரடுகானு 10 ஆட்டம், ஒரு செற்கூட விடாமல் எடுத்தார். செற் குறைந்தால் கதவு அகலும்.

ஆகவே என் முடிவு: ஆட்டம் நீள நீள, ஆகத் திறமான ஆளுக்கு லேசு, மற்ற எல்லாருக்கும் கஷ்டம். குறுகக் குறுக, திறமான ஆளுக்குக் கஷ்டம், மற்ற எல்லாருக்கும் ஒரு நப்பாசை.

பாலைப்பழம்:
கணக்குச் சரி. ஆனால் போகாச்சர் நாலு தரம் எடுத்ததால அது லேசு எண்டு ஆகுமோ? அவருக்கு முதல் நாள் தொடக்கம் கடைசி நாள் மட்டும் மற்ற அணிகள் தனியக் குறி வைச்சு ஓடும். நாலு தரம் எவரெஸ்ற் ஏறினவர் ஒருத்தர் இருக்கிறார் எண்டதுக்காக மலை பதியாது.

முல்லை ரொறன்ரோ:
👏 இதைத்தான் நான் முதல்ல சொல்ல வந்தது.

மாங்குளச் சந்தி:
அமெரிக்கக் காற்பந்தையும் பேஸ்போலையும் ஒரு வரியில முடிப்பம். முன்னதில ஒவ்வொரு சுற்றும் ஒரே ஆட்டம். நியூ இங்கிலாந்து 2007 பருவத்தில 18 ஆட்டம் தொடர்ந்து வெண்டு, சுப்பர் போலில நியூயோர்க்கிட்ட 17-14 தோத்தது. பேஸ்போலில 162 ஆட்டம். சியாற்றில் 2001 இல 116 வெண்டும் இறுதித் தொடருக்கே போகேல்லை. பந்து எறியிற முதல் ஆள் அஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான் வருவார், அடிக்கிறவர் 9 பேரில ஒருத்தர். ஆகத் திறமான ஆளை ஒவ்வொரு நெருக்கடிக்கும் கூப்பிடேலாத விளையாட்டு.

கொக்கிளாய்க் காத்து:
சதுரங்கம் விளையாட்டோ இல்லையோ? குகேஷ் 18 வயதில உலகச் சம்பியன். முதல்ல 8 பேர் தொடரில 14 ஆட்டம், பிறகு சிங்கப்பூரில டிங் லிரனோட 14 ஆட்டம், 7.5-6.5. எலும்பு ஒண்டும் முறியேல்லை.

முறிகண்டிக் கச்சான்:
அதைத் தொடங்கினால் விடிஞ்சிடும், வேற இழையில பாப்பம்.

வான்கதவு தம்பி, உம்மட கணக்கை என்ர தொடருக்குப் போட்டுக் காட்டும். 16 கழகம், 5 ஓவர், நாலு வெற்றி.

இரணைமடு வான்கதவு:
போடுவோம். ஆகத் திறமான கழகத்துக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் 60 வீதம் கொடுங்கள். 5 ஓவரில் அதுவே தாராளம், ஒரு ஓவரில் மூன்று ஆறு போனால் ஆட்டம் திரும்பிவிடும். 0.6 ஐ நாலு தரம் பெருக்கினால் 13 வீதம். அதாவது ஏழெட்டு வருசத்துக்கு ஒரு தரம். 16 பேரும் சமன் என்றால் ஆளுக்கு 6 வீதம், ஆகவே திறமைக்கு இரண்டு மடங்கு பலன் இருக்கிறது. ஆனால் வருசா வருசம் வேறு கழகம் எடுப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

அரையிறுதியையும் இறுதியையும் மூன்றில் இரண்டு என்று மாற்றினால் 15 வீதம். அவ்வளவுதான் கூடும். ஆட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டுவதை விட ஆட்டத்தின் நீளத்தைக் கூட்டுவது பலன். 5 ஓவரை 10 ஆக்கினால் ஒரு கெட்ட ஓவர் ஆளைக் கொல்லாது. அந்த 60 மேலே ஏறும். 65 ஆனாலே நாலு ஆட்டத்துக்கு 18 வீதம்.

வவுனிக்குளத்தான்:
கடதாசியில சரி. நேரத்தைப் பாருங்கோ. 5 ஓவர் ஆட்டம் ஒண்டு, பந்து தேடுறது, ஆள் மாறுறது எல்லாம் சேர்த்து முக்கால் மணித்தியாலம். விலகல் முறையில 15 ஆட்டம், 11 மணித்தியாலம் 15 நிமிசம். வெளிச்சம் இருக்கிறது கிட்டத்தட்ட 12 மணித்தியாலம். ஒரு கழகம் உழவு இயந்திரத்தில வந்து சேரப் பிந்தினாலே இறுதி ஆட்டம் இருட்டுக்குள்ள. 10 ஓவர் எண்டால் ஒரே நாள் எண்ட கதையே இல்லை.

நாலு நாலாக் குழு பிரிச்சால் குழுவுக்கு 6 ஆட்டம், மொத்தம் 24. அதோட காலிறுதி, அரையிறுதி, இறுதி 7. மொத்தம் 31. 5 ஓவரிலயே 23 மணித்தியாலம். ரெண்டு முழு நாள் வேணும், இல்லாட்டி ரெண்டு ஆடுகளம். ரெண்டு ஆடுகளம் எண்டால் ரெண்டு சோடி நடுவர், ரெண்டு புள்ளிப் பதிவாளர், ஒண்டின் பந்து மற்றதுக்குள்ள ஓடாமல் நடுவில 120 மீற்றருக்குக் குறையாமல் இடைவெளி.

பாலைப்பழம்:
ஆடுகளத்தை வடக்குத் தெற்காப் போடுங்கோ. கிழக்கு மேற்காப் போட்டால் பின்னேரம் நாலரைக்குப் பிறகு ஒரு முனையில துடுப்பெடுக்கிறவருக்குக் கண் தெரியாது. அரையிறுதியும் இறுதியும் அந்த நேரத்திலதான் வரும், நாணயம் வெண்டவர் அதிலயே பாதிக் கிண்ணத்தை எடுத்திடுவார். சோளகம் அடிக்கிற மாதங்களில பின்னேரக் காத்து இன்னொரு பாதி. ஒரு பக்கத்து எல்லைக்குத் தூக்கி அடிச்சால் ஆறு, மற்றப் பக்கம் அதே அடி பிடி. எல்லைக் கயிறை ரெண்டு பக்கமும் ஒரே தூரம் போடாமல், காத்துப் போற பக்கம் 5 மீற்றர் தள்ளிப் போடலாம்.

அதோட போன வருசம் அரையிறுதிக்கு வந்த நாலு கழகத்தையும் வரைபின் நாலு மூலையில வையுங்கோ. முதல் சுற்றிலயே ரெண்டு பெரியாக்கள் மோதி ஒருத்தர் 9 மணிக்கு வீட்ட போனால், பின்னேரம் பாக்க வாற சனமும் போயிடும்.

முறிகண்டிக் கச்சான்:
நாலு மூலை, வடக்குத் தெற்கு, கயிறு 5 மீற்றர். எழுதிப்போட்டன். குழுமுறைக்கு ரெண்டு நாள் எண்டால் சாப்பாட்டுச் செலவும் ரெண்டு மடங்கு. ரொறன்ரோ அண்ணை, உங்கட பக்கத்தில இருந்து ஒரு அனுசரணை வருமோ?

முல்லை ரொறன்ரோ:
கிண்ணம் நான் தாறன். வெள்ளியில, பேர் வெட்டி. லீவ்ஸ் ஸ்ரான்லி எடுத்த அண்டைக்கு அனுப்பிவிடுவன்.

கொக்கிளாய்க் காத்து:
கச்சான் அண்ணை, தகரக் கிண்ணத்துக்கே ஓடர் குடுங்கோ.